தையல் விட்ட கோடு

அந்தப் படத்தை மாற்றி வைத்தவள் நான்தான்.

கைதவறி அல்ல. தெரிந்தே மாற்றினேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து மாற்றினேன். முதலில் என் அலட்சியத்தால் ஒரு மனிதருக்கு ஒரு கண் போயிற்று. பிறகு அதை மறைக்க நான் செய்த காரியத்தால், மிச்சமிருந்த கண்ணின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையும் போயிற்று.

இரண்டில் பின்னதுதான் பெரிய குற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் எப்படி நினைப்பீர்களோ, எனக்குத் தெரியாது.

இதை எழுதும்போது என் கை நடுங்கவில்லை. நடுங்க வேண்டாமா? நடுங்கினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைக்கிறேன்... பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் என்னை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை. அழுது புலம்புவேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தீர்களானால் ஏமாந்துபோவீர்கள்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளைக் கட்டும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்தில் ரிக் என்றால் விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: லாரியின் முதுகில் ஏற்றிய துளைபோடும் இயந்திரம். நான் அதைக் கட்டுகிறவள் இல்லை. அதற்கான புத்தகத்தைத் தயாரிக்கிறவள். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த மோட்டாரை எப்படிக் கழற்றுவது, எதை எதோடு சேர்க்கக் கூடாது... எல்லாம் படம் படமாக.

என் அறைக் கதவில் டிராயிங் செக்‌ஷன் என்று எழுதியிருக்கும். ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அது "பொம்மை ரூம்". புத்தகம் "பொம்மை புக்கு". நான் "பொம்மக்கா". மெக்கானிக்கல் படித்து, கோட்டின் தடிமனைப் பற்றிக்கூடப் பரீட்சை எழுதித் தேறியவளுக்கு இப்படி ஒரு பட்டம்! ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. ஒருநாள் யாரோ பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டபோது, வேறு யாரையோ என்று நினைத்து நான் திரும்பாமலே போய்விட்டேன்.

ஒரு ரிக் வண்டியின் ஆயுள் நீளமானது. இங்கே கட்டிய வண்டி வடக்கே போகும். அங்கே ஒருவர் ஓட்டி அலுத்துப்போய் விற்பார். வாங்கியவர் இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவார். கடைசியில் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போகும். போகிற இடமெல்லாம் புத்தகமும் கூடவே போக வேண்டும். வண்டியைக் கட்டியவர்கள் வேலையை விட்டுப் போயிருப்பார்கள். படம் வரைந்த கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போயிருக்கும். அன்றைக்கு முன்பின் தெரியாத ஒருவர் ஏதோ ஒரு காட்டில் நின்றுகொண்டு அந்தப் படத்தைத் திறப்பார். அது திறக்க வேண்டும். திறந்தால் மட்டும் போதாது, வரைந்த அன்றைக்கு என்ன சொன்னதோ அதையே சொல்லவும் வேண்டும்.

அதனால்தான் படத்தை எந்த வடிவத்தில் சேமிப்பது என்பது சில்லறை விஷயம் இல்லை. இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை!

கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜேபெக் என்று ஒரு வடிவம் உண்டு. உங்கள் போனில் இருக்கும் புகைப்படங்கள் பெரும்பாலும் அந்த வகைதான். கல்யாண போட்டோவுக்கு நல்லது. அது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒன்றோடொன்று கலந்து, மனிதக் கண்ணுக்குத் தெரியாது என்று தான் நினைப்பதையெல்லாம் தூக்கிப் போட்டு, கோப்பைச் சின்னதாக்கிவிடும். மாப்பிள்ளையின் கன்னத்தில் நாலு புள்ளி குறைந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு... அங்கே அது ஓரங்களைக் கசக்கிவிடும். சின்ன எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும். ஒருமுறை தூக்கிப் போட்டதைத் திரும்ப வாங்க முடியாது. அதையே திறந்து திறந்து சேமித்தால் இன்னும் கசங்கும்.

கோட்டைக் கோடாகவே வைத்திருக்கும் வடிவங்களும் இருக்கின்றன. இங்கே தொடங்கி அங்கே முடி, இத்தனை தூரத்துக்கு ஒருமுறை இடைவெளி விடு என்று கணக்காகவே எழுதி வைத்துக்கொள்ளும். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கோடு கலங்காது. அது முடியாத இடத்தில், ஒரு புள்ளியைக்கூடத் தூக்கிப் போடாமல் சேமிக்கும் பிஎன்ஜி இருக்கிறது. இதெல்லாம் ரகசியம் இல்லை. புதிதாக வருபவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இனி, தையல்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் இயந்திரத்தின் படத்தில் ஒவ்வொரு வகைக் கோட்டுக்கும் ஓர் அர்த்தம் உண்டு. முழுக்கோடு என்றால் அழுத்தத்தோடு எண்ணெய் ஓடும் குழாய். சின்னச் சின்னதாக விட்டு விட்டுப் போகும் கோடு என்றால், மோட்டாருக்குள் கசியும் எண்ணெயை அழுத்தமில்லாமல் நேராகத் தொட்டிக்கு வடித்துவிடும் குழாய். இந்த இரண்டாவது கோட்டுக்குத்தான் எங்கள் ஷெட்டில் "தையல்" என்று பெயர். துணியில் ஓட்டுத்தையல் போட்டால் அப்படித்தானே இருக்கும்!

"தையல்னா டேங்கு, முழுசுன்னா பிளாக்கு." வேலைக்குச் சேர்பவருக்கு ஷெட்டில் முதலில் சொல்லித்தருவதே இதுதான். பிளாக்கு என்பது வால்வுகள் எல்லாம் கூடியிருக்கும் இரும்புக் கட்டி. அழுத்தம் இருக்கும் இடம். படத்தின் ஓரத்தில் நான் மெனக்கெட்டு எழுதும் ஆங்கிலக் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை. விரலைக் கோட்டின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போவார்கள். தையலா, முழுசா... அவ்வளவுதான் கேள்வி.

அந்த ஒரே வித்தியாசத்தை நம்பி அவர்கள் வேலை செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆமாம், அதுவும் தெரியும்!

புது மாடல் ஒன்று வந்தது. துளைக்கும் தலையில் இருக்கும் மோட்டாரை மாற்றியிருந்தார்கள். பழைய மோட்டாருக்கு வடிகுழாய் தனியாகக் கிடையாது, புதியதற்கு உண்டு. வருடக் கணக்கில் கை பழகியவர்கள்கூட இதற்குப் படத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நான் வரைந்து, கோடு கலங்காத வடிவத்திலேயே புத்தகமாக்கிக் கொடுத்தேன். கொடுத்த கொஞ்ச நாளிலேயே சர்வீஸ் மேனேஜர் என் அறைக்கு வந்தார்.

"மேடம், ஒடிசால இருந்து பசங்க கூப்புடறாங்க. பொம்மை புக்கு போன்ல தொறக்கவே மாட்டீங்குதாமுங்க. சுத்திக்கிட்டே இருக்குதாம்."

"ஃபைல் கொஞ்சம் கனமுங்க சார். சிக்னல் இருக்கற எடத்துல ஒருக்கா எறக்கி வெச்சுக்கிட்டாப் போதும்."

"காட்டுக்குள்ள சிக்னலுக்கு எங்கீங்க போறது? சாதா போட்டோவாட்டம் பண்ணி ஆப்புல போட்டு உடுங்க. எல்லாப் போன்லயும் தொறக்கோணும். திங்கக்கெழம வண்டி கெளம்புது பாருங்க."

அவர் கேட்டதில் தப்பில்லை. போனில் திறக்காத புத்தகம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கனத்தையும் குறைக்கலாம், கோட்டையும் காப்பாற்றலாம். ஆனால் அதற்கு ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். வேண்டாததைக் கழித்து, பிஎன்ஜியாக மாற்றி, விலை குறைந்த போன் ஒன்றில் திறந்து பார்த்து... சனி ஞாயிறு இரண்டு நாளும் அதற்கே போய்விடும்.

ஓமலூரில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிளம்ப வேண்டும்.

எல்லாப் பக்கங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன். ஜேபெக். தரம் குறைவு. அளவு சிறியது. அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் எல்லாம் மாறியிருந்தது.

சில பக்கங்களைத் திறந்து பார்த்தேன். அந்த மோட்டார் பக்கத்தையும் பார்த்தேன். பார்த்தேன்! இதை நான் எனக்கே பலவிதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் அந்தப் பக்கம் விட்டுப்போயிற்று என்று... இல்லை. திறந்தேன், பார்த்தேன். தையலின் இடைவெளிகளில் சாம்பல் நிறம் அடைத்துக்கொண்டிருந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் தையல். சும்மா பார்த்தால் முழுக்கோடு. ஆனால் அதை வரைந்தவள் நான். அது தையல் என்று எனக்கு முன்பே தெரியும். அதனால் எனக்குத் தையலாகவே தெரிந்தது. வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும் என்று சொல்லிக்கொண்டு, படங்களை ஏற்றிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்தேன்.

காதுகுத்தில் நன்றாகச் சாப்பிட்டேன். தங்கை மகன் வீறிட்டு அழுததைப் பார்த்து எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.

செங்கோட்டுவேலு எங்கள் கம்பெனியின் சர்வீஸ் ஃபிட்டர். என்னைவிடச் சில வயது இளையவர். வண்டி எந்த மாநிலத்தில் நின்றுபோனாலும் பஸ்ஸோ ரயிலோ பிடித்துப் போய்ச் சரிசெய்துவிட்டு வருபவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் கேலிதான். "ஏனுங் பொம்மக்கா, பொம்மைல நம்ம வண்டி இம்புட்டு அழகா இருக்குது. நேர்ல பாத்தா ஒரே கிரீஸா இருக்குதுங்களே!" என்று என் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பார். மோட்டார் என்றால் அவருக்கு உயிர். கெட்டுப்போன மோட்டாரைக் கையில் எடுக்கும்போது கைக்குழந்தையைத் தூக்குகிற பதனம் இருக்கும்.

புது மாடல் வண்டி ஒன்று சத்தீஸ்கர் பக்கம் மோட்டார் பழுதாகி நின்றது. இவர் போனார். வேறு மோட்டாரைப் பொருத்தினார். புதிதாக வந்திருக்கும் அந்த வடிகுழாயை எங்கே சேர்ப்பது? போனில் படத்தைத் திறந்தார். விரலை வைத்து நகர்த்தியிருப்பார்.

முழுக்கோடு. முழுசுன்னா பிளாக்கு.

பிளாக்கில் சேர்த்தார். வண்டியை ஓடவிட்டார். கொஞ்ச நேரம் ஓடி எண்ணெய் சூடேறியதும், கசிவு இருக்கிறதா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தார். வடிய வழியில்லாமல் மோட்டாருக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. எண்ணெய் வெளியே வராமல் அடைத்திருக்கும் சீல் பிய்த்துக்கொண்டு வந்தது. சூடான எண்ணெய் நேராக முகத்தில் அடித்தது. இடது கண் போயிற்று. கையிலிருந்த போன் கீழே விழுந்து, அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஜீப்பின் சக்கரத்தடியில் சிக்கி நொறுங்கிவிட்டது.

செய்தி காலையில் வந்தது. மேனேஜர்தான் வந்து சொன்னார், நின்றுகொண்டே. கண் போனது, போன் போனது, எல்லாவற்றையும் சொன்னார். அப்போது என் மனம் எதைப் பிடித்துக்கொண்டது தெரியுமா? கண்ணை அல்ல... போனை!

மேனேஜர் வெளியே போனதும் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இந்த முறை அதை நான் வரையாதவளாக இருந்து பார்த்தேன். முழுக்கோடு. எந்தச் சந்தேகமும் இல்லாத முழுக்கோடு. அதில் ஒரு தையலும் இல்லை.

ஆப்பில் இருக்கும் படங்கள் எங்கள் சர்வரிலிருந்துதான் போனுக்குப் போகின்றன. சர்வரில் மாற்றினால், சிக்னல் கிடைத்ததும் எல்லாப் போனிலும் தானாக மாறிவிடும். மதியம் ஷெட்டில் சத்தம் அடங்கியது. மூலப் படத்திலிருந்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்தேன். பெரிய அளவில், தரம் குறைக்காமல். அதே பெயரில், அதே இடத்தில் வைத்தேன். திறந்து பார்த்தேன். தையல் பளிச்சென்று தெரிந்தது.

மற்ற வண்டிகளில் இருப்பவர்களுக்கும் ஆபத்து வந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் மாற்றினேன்... இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பொய்யும் இல்லை. மாற்றத்தான் வேண்டும். உடனே மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஆபத்தைத் தடுக்க வந்தவள் ஏன் யாரிடமும் சொல்லாமல் மாற்றினாள்? பழைய படத்தைத் தேடித் தேடி ஏன் அழித்தாள்? அழித்தவை போய்ச் சேரும் குப்பைக்கூடையிலிருந்தும் ஏன் அழித்தாள்? இந்தக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அது உங்களுக்கும் தெரியும்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டம் போட்டார்கள். மேனேஜர் அந்தப் பக்கத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்.

"தையல் தையலாத்தான் இருக்குது. பாவம், அலுப்புல சரியாப் பாக்காம உட்டுட்டாம்போல" என்றார். அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. இதைக் கவனியுங்கள். படத்தை மாற்றினீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தால்கூட நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நான் பொய் சொல்லவில்லை, என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே எத்தனையோ நாள் சமைத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

காயம் ஆறி செங்கோட்டுவேலு ஷெட்டுக்கு வந்தார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அந்தப் படத்தைக் காட்டச் சொல்லி அவரே கேட்டார். மேனேஜர் தம் போனில் திறந்து கொடுத்தார். வேலு அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஒரே கோடாத்தானுங்க தெரிஞ்சுது."

"இப்ப எப்படித் தெரியுது?"

"இப்பத் தையலாத்தானுங்க தெரியுது." பிறகு சிரித்தார். "ரெண்டு கண்ணு இருந்தப்பத் தெரியாதது ஒத்தக் கண்ணுல தெரியுது பாருங்க!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

அதன் பிறகு அவர் மோட்டாரைத் தொடவில்லை. லேசான வேலை கொடுக்கிறோம் என்று கம்பெனியில் சொல்லியும் நிற்கவில்லை. "என்ற கண்ணு அப்பவே கெட்டுப்போயிருந்திருக்குதுங்க. எனக்குத்தான் தெரியில" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நான் நல்லவளானேன்! எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றினேன். கம்பெனிக்கு விதிமுறை எழுதினேன். கோட்டுப் படத்துக்கு ஜேபெக் கூடவே கூடாது. ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் திறக்கிற வடிவத்தை நம்பக் கூடாது. மூலப் படத்தை ஒருபோதும் அழிக்கக் கூடாது. மாற்றினால் எப்போது, ஏன், யார் மாற்றினார்கள் என்று அங்கேயே தெரிய வேண்டும். வரைந்தவர் சரிபார்க்கக் கூடாது, அந்தப் படத்தை முன்பு பார்த்திராத ஒருவரின் கையில் கொடுத்து, விரலை வைத்துக் கோட்டைத் தொடரச் சொல்ல வேண்டும். சேலத்தில் ஒரு கல்லூரியில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். பேசினேன், சால்வை போர்த்தினார்கள். "ஜேபெக்குனு சொன்னாப் போதும், மேடத்துக்குச் சாமி வந்துரும்" என்று ஷெட்டில் கேலி செய்கிறார்கள். அந்த விதிகளையெல்லாம் நான் எங்கே படித்தேன் என்று அந்த மாணவர்களில் ஒருவன் கேட்டான். அனுபவம்தான் என்றேன். கைதட்டினார்கள்...

இப்படியே போயிருக்கும். போன மாதம் மேனேஜர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்.

"நம்ம செங்கோட்டுவேல ராசிபுரத்துல ஒரு ஷெட்டுக்காரரு கூப்புடறாராமுங்க. ஹெட் ஃபிட்டராட்டம். வெளியூர் போற சோலியே இல்ல, உக்காந்த எடத்துல மோட்டாரு பாத்தாப் போதும். மாட்டீங்கறானாமுங்க. மச்சான் கடைல கோழித்தீவன மூட்டை அடுக்கிக்கிட்டுக் கெடக்கறான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தீவனக் கடை இருக்கும் புதுச்சத்திரத்துக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். நீங்கள் நம்ப வேண்டும். வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: படம் தப்புங்க வேலு, உங்க கண்ணு சரி. படம் தப்பு, உங்க கண்ணு சரி. இவ்வளவு சின்ன வாக்கியம்! இதைச் சொன்னால் என் வேலை போகலாம். போகட்டும். அவருக்கு அவருடைய கைவேலை திரும்பக் கிடைக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கடை சாலையோரத்திலேயே இருந்தது. வாசலில் மினி லாரியிலிருந்து தீவன மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, பொம்மக்கா! வாங்க, வாங்க. பூங்கொடி, யாரு வந்திருக்கறாங்க பாரு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, "உள்ள உக்காருங்க, மூட்டைய எறக்கீட்டு வாரேன்" என்றார்.

பூங்கொடி அவர் மனைவி. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் வாசலில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே குரலைத் தணித்துப் பேசினாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. சேலத்துல கண்ணு டாக்டரே சொல்லிப்போட்டாருங்க, மிச்சமிருக்கற கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு. இவரு நம்பவே மாட்டீங்கறாரு. பஸ்ஸு போர்டக்கூட என்னையத்தான் படிக்கச் சொல்றாரு. மூட்டைல போட்டிருக்கற பேர ரெண்டு பேர்த்துகிட்டக் கேட்டுட்டுத்தான் எறக்கறாரு. மோட்டாருன்னா உசுர உடற மனுசனுங்க... இப்ப ரோட்டுல ரிக்கு போற சத்தம் கேட்டா எந்திரிச்சு உள்ள போயிர்றாரு."

தலையாட்டினேன். சொல்கிறேன் என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தார். மனைவியிடம் காட்டி, "அவருதான?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார். எடுக்கவில்லை.

"ராசிபுரத்துக்காரருங்க. இன்னிக்கு முடிவு சொல்லோணும்னாரு." போனைத் தொடையின் மேல் வைத்துக்கொண்டார். "அக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. உங்கள ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க வேலு."

"எனக்கு இருக்கறது ஒரே டவுட்டுதானுங்க. அது தீந்துச்சுன்னா நான் இந்த வேலைக்குப் போயிருவனுங்க. பொம்மை போட்டவங்க நீங்க, உங்களுக்குத்தான் தெரியும். அன்னிக்கு நான் போன்ல பாத்தப்ப... அந்தக் கோடு தையலாத்தான் இருந்துச்சுங்களா? நெசமாச் சொல்லுங்க."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. பூங்கொடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேட்டுவிட்டார். ஒருவர் கேட்டுவிட்டார்! நான் சொல்ல வந்ததை என்னிடமே கேள்வியாகக் கேட்டுவிட்டார். வாயைத் திறந்தால் போதும்.

"தையலாத்தான் இருந்துச்சுங்க வேலு" என்றேன். "நல்லாத் தெளிவாவே இருந்துச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பயம் இல்லை. எதுவுமே இல்லை. வாய் திறந்தது, அது வந்தது. அதோடு நிறுத்தினேனா? தெளிவாக இருந்தது என்று யார் என்னைக் கேட்டார்கள்? அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் எதற்காகச் சேர்த்தேன்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் மெல்லத் தலையாட்டினார். போனை எடுத்தார்.

"ஆமாங்க, செங்கோட்டுவேலுதான் பேசறனுங்க... இல்லீங்க, நான் வரலீங்க. சம்பளமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கண்ணு எனக்கு அப்பவே சரியில்லீங்க, இப்ப நல்லாத் தெரிஞ்சு போச்சுங்க. நாளைக்கு என்னால இன்னொருத்தன் கண்ணு போயிரக் கூடாதுல்லீங்க... வெச்சர்றனுங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நல்லவேளை உங்களக் கேட்டனுங்கக்கா. இல்லீன்னாப் போயிருப்பன்."

பூங்கொடி டீ போட உள்ளே போனாள். டீ வந்தது. குடித்தேன். சர்க்கரை அளவாக இருந்தது. வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். லாரி வருகிறதா என்று மனைவியிடம் கேட்டுச் சொல்லி, என்னைச் சாலையில் ஏறச் செய்தார்.

அன்று அவர் பார்த்தது முழுக்கோடு. படத்திலும் முழுக்கோடுதான் இருந்தது. அவர் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. இதை உங்களிடம் சொல்ல முடிகிறது... அவரிடம் இன்னும் சொல்லவில்லை.